ஒரே பெயரா, இரட்டைப் பெயரா?

அம்மா தமிழ், அப்பா வேறு மொழி. பிள்ளைக்கு இருவீட்டார் வாயிலும் நுழையும் ஒரே பெயரா, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டா?

உச்சரிப்பு: மாயா, மீரா, கவின் எங்கும் தப்பிக்கும். கவினைச் சிலர் ‘கெவின்’ ஆக்குவார்கள், போகட்டும். யாழினியின் ‘ழ’வை ஆங்கிலத்தில் இசட்-எச் என்று எழுதினால் வகுப்பில் ‘யாஸ்ஹினி’தான்.

பொருள்: ஒரே பெயர் என்றால் தேர்வு சுருங்கும். மீரா நமக்குக் கண்ணனின் பக்தை. ஸ்லாவிய மொழிகளில் ‘மிரா’ அமைதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வருவது. இப்படி இரண்டு பக்கமும் அமைவது அபூர்வம்.

ஆவணம்: ஒன்றே சுலபம். பாஸ்போர்ட்டில் ஒன்று, டிக்கெட்டில் பழக்கதோஷத்தில் வீட்டுப்பெயர் என்றால் தலைவலி.

பாட்டிகள்: சந்தேகமே இல்லை, இரண்டு.

நாடு நாடாக மாறுகிறவர்களுக்கு ஒன்று. தாத்தா பெயரை விடமுடியாதவர்களுக்கு இரண்டு. எளிதானதை முதலில் பதியுங்கள்.