டின்னா, சாஷேயா, ராத்திரி பத்து மணி மாவா? ஈரல் சுருக்கத்தில் எது உடம்பில் சேர்கிறது

அப்பாவுக்கு ஈரல் சுருக்கம் என்று தெரிந்த முதல் ஆறு மாதத்தில் எங்கள் சமையலறை அலமாரியில் நான்கு விதமான சத்துப் பொருட்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. மருந்துக்கடையில் விற்கும் பெரியவர்களுக்கான சத்துப் பவுடர் டின், டாக்டர் எழுதித் தந்த கிளை அமினோ அமில சாஷே (புரதத்தின் சில கூறுகள் மட்டும் அடங்கிய பொட்டலம், பிசிஏஏ என்பார்கள்), தம்பி கொண்டுவந்த ஜிம் புரோட்டீன் டப்பா, அம்மா அரைத்து வைத்த பொட்டுக்கடலை மாவு. நான்கில் எதை வாங்குவது என்று குழம்புகிற வீடுகள் நிறைய இருக்கும், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எதை அளந்து பார்க்கிறோம் என்று தெரியாமல் எதையும் ஒப்பிட முடியாது. நாங்கள் ஆரம்பத்தில் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், 64 கிலோ, 66 கிலோ என்று ஏறியது, சந்தோஷப்பட்டோம், ஆனால் ஏறியது வயிற்றில் கோத்த நீர். தோளும் தொடையும் அந்தச் சமயத்தில் கரைந்துகொண்டே இருந்தன. இந்த நலிவை அளக்கக் கலிஃபோர்னியாவில் ஜெனிஃபர் லாய் என்ற மருத்துவரின் குழு 2017-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டது. கைப்பிடி பலம், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார ஆகும் நேரம், கால்களை மூன்று விதமாக வைத்துத் தடுமாறாமல் நிற்பது, இவ்வளவுதான். மதிப்பெண் 3.2-க்குக் கீழே இருந்தால் திடம், 4.5-ஐத் தொட்டால் நலிவு. கைப்பிடியை அளக்கக் கருவி வேண்டும், நாற்காலிச் சோதனைக்கு ஒரு கடிகாரம் போதும். அப்பாவுக்கு முதல் தடவை 21 வினாடி ஆனது, நான்காவது முறை எழும்போதே மூச்சு வாங்கியது.

சரி, தேவை எவ்வளவு? ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்வது ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம், 35 கலோரி. நீரைக் கழித்து அப்பாவின் எடை 60 கிலோ என்று வைத்தால் தினமும் 72 முதல் 90 கிராம் புரதம், 2100 கலோரி. மூன்று இட்லி, மதியம் கொஞ்சம் சாம்பார் சாதம், ராத்திரி இரண்டு தோசை என்று அவர் சாப்பிட்டதை ஒரு வாரம் எழுதிப் பார்த்தோம், 40 கிராமைத் தாண்டவே இல்லை. வயிற்று நீர் இரைப்பையை அழுத்துவதால் நாலு வாய்க்கே வயிறு நிறைந்துவிடுகிறது, உப்பையும் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் அடக்கச் சொல்லிவிட்டதால் நாக்குக்கும் எதுவும் பிடிக்கவில்லை.

இதில் அத்தை வேறு, காமாலைப் பத்தியம் என்று பருப்பு, முட்டை, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அன்பில்தான் சொன்னார். புரதம் கொடுத்தால் அம்மோனியா ஏறி மூளை மந்தமாகும் என்ற பயம் ஒரு காலத்தில் டாக்டர்களிடமும் இருந்ததுதான். 2004-இல் பார்சிலோனாவில் அப்படி மூளை பாதித்த 30 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் புரதத்தைக் குறைத்தும் மறு பாதிக்கு வழக்கம்போலவும் கொடுத்துப் பார்த்தார்கள். இரு தரப்பும் தெளிந்த விதத்தில் வித்தியாசமே இல்லை, குறைத்தவர்களுக்குத் தசைப் புரதம் கூடுதலாகக் கரைந்ததுதான் மிச்சம். தசையும் அம்மோனியாவைச் சுத்தம் செய்கிற உறுப்பு, அதையும் பட்டினி போட்டால் ஈரலுக்குக் கைகொடுக்க யார் இருக்கிறார்கள்?

இப்போது டின்னையும் கடலை மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். டின்னில் சொன்ன அளவுக்குத் தண்ணீரில் கலக்கினால் ஒரு டம்ளரில் சுமார் 230 கலோரி, 8 முதல் 9 கிராம் புரதம். 250 மில்லி பசும்பாலிலேயே 8 கிராம் புரதம் இருக்கிறது. அதில் 25 கிராம் பொட்டுக்கடலை மாவைக் கரைத்துக் காய்ச்சினால் 13 கிராம், கலோரியும் டின்னுக்குச் சமம். எங்களுக்குத் தினமும் முப்பது கிராமுக்கு மேல் புரதம் பற்றவில்லை, அதை டின்னால் மட்டும் ஈடுகட்ட நாலு டம்ளர் வேண்டும், மாதக் கணக்குப் போட்டால் நடுத்தரக் குடும்பத்துக்கு முதுகு ஒடிந்துவிடும். டின்னுக்கு என்று இருக்கிற பலம் வேறு: கரைப்பது சுலபம், விட்டமினும் தாதுக்களும் சேர்ந்தே வருகின்றன, மெல்லத் தெம்பில்லாதவருக்கும் மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவருக்கும் அதுதான் கைகொடுக்கும். சர்க்கரை நோய் இருந்தால் அதற்கென்று தனி வகை வாங்க வேண்டும், எங்கள் முதல் டின்னை ஒரு கடைக்காரர் அதைக் கேட்காமலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார், அப்பாவின் சர்க்கரை ஒரு வாரம் இறங்கவே இல்லை.

எதைக் கொடுக்கிறோம் என்பதைவிட எப்போது கொடுக்கிறோம் என்பது பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடந்த ஓர் ஆய்வைப் படித்தபோதுதான். 2008-இல் வெளிவந்தது, ஈரல் சுருக்கம் உள்ள 103 பேர், எல்லோருக்கும் தினமும் 710 கலோரி கூடுதல் சத்துபானம். ஒரு குழு பகலில் குடித்தது, மற்றது ராத்திரி 9 மணிக்கு மேல். பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ராத்திரி குடித்தவர்கள் உடம்பில் ஏறக்குறைய 2 கிலோ தசைக்குச் சமமான புரதம் சேர்ந்திருந்தது, பகல் குழுவில் அப்படி எதுவும் இல்லை. காரணம் இதுதான்: நல்ல ஈரல் சர்க்கரையைச் சேமித்து வைத்து ராத்திரி முழுக்கக் கொடுக்கும், சுருங்கிய ஈரலில் அந்தச் சேமிப்பு இல்லை. அதனால் இவர்களுக்கு ஒரு ராத்திரிப் பட்டினி என்பது மற்றவர்களின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம், உடம்பு தசையை உடைத்துச் சர்க்கரை செய்கிறது. எட்டு மணிக்குச் சாப்பிட்டு மறுநாள் எட்டு மணிக்கு இட்லி என்றால் தினமும் பன்னிரண்டு மணி நேரம் தசை போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் பால்-கடலை மாவை ராத்திரி பத்து மணிக்கு மாற்றினோம், கூடவே இரண்டு மூன்று பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ, காலையில் எழுந்ததும் பல் தேய்த்த கையோடு ஏதாவது ஒரு வாய். ராத்திரி எழுப்பினால் அப்பா முறைப்பார். பரவாயில்லை.

பிசிஏஏ சாஷேயை ஒதுக்கிவிட முடியாது. லியூசின், ஐசோலியூசின், வேலின், இந்த மூன்றையும் தசை அம்மோனியாவைக் கட்டுப்படுத்தச் செலவழித்துவிடுவதால் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் அவை குறைந்துபோகின்றன. ஜப்பானில் 646 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில் தினம் 12 கிராம் எடுத்தவர்களுக்கு நோய் முற்றுவது குறைந்தது. ஆனால் 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் குழு, மூளை மந்தம் குறைகிறது, மரணம் குறையவில்லை என்றது. ருசியும் பெரிய தடை, 2003-இல் வந்த இத்தாலிய ஆய்வில் கசப்பு தாங்காமல் பாதியில் விட்டவர்கள் உண்டு, அப்பாவும் மூன்றாம் வாரத்தில் விட்டுவிட்டார். மூளை மந்தம் திரும்பத் திரும்ப வருகிறது, இறைச்சி முட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இதற்குப் பணம் செலவழிக்கலாம். பால், பருப்பு, சுண்டல் தாராளமாக இறங்குகிறவருக்கு இது இரண்டாம் பட்சம்.

ஜிம் டப்பாவைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்தேன். கேரள மருத்துவர்கள் இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைப் பரிசோதித்து 2024-இல் வெளியிட்டார்கள், ஏறத்தாழ 70 விழுக்காட்டில் லேபிளில் போட்ட புரத அளவு தவறு, சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. அஸ்வகந்தா மாதிரி மூலிகைச் சாறு கலந்தவையும் உண்டு, அது ஈரலையே தாக்கிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. நல்ல ஈரல் உள்ளவரே யோசிக்க வேண்டிய பொருள், இந்த வீட்டுக்குள் அது வேண்டாம்.

அப்புறம் நடை. சாப்பிட்டதைத் தசையாக்க வேலை கொடுத்தே ஆக வேண்டும், வெறும் பவுடரால் கால் பலப்படாது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தோம், உணவுக்குழாயில் ரத்தநாளம் வீங்கியிருந்ததால் கனம் தூக்குவது கூடாது என்றார். தெருமுனை வரை இரண்டு வேளை, டிவி பார்க்கும்போது நாற்காலியில் எழுந்து உட்காருவது. நான்கு மாதம் கழித்துக் கடிகாரத்தைப் பிடித்தேன், 15 வினாடி. தசை கூடியது மாவினாலா நடையினாலா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை, இரண்டையும் நிறுத்தவில்லை. டின் இன்னும் அலமாரியில் இருக்கிறது, காய்ச்சலோ ஆஸ்பத்திரி வாசமோ வந்து அவர் சோறே தொடாத நாட்களுக்கு, அதுவும் ராத்திரி பத்து மணிக்குத்தான்.