கலைமானுக்கு எந்தப் பலகை?

அமெரிக்காவின் ஒஹாயோவில் நவம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் ரம்பச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். மரப்பலகையில் வெட்டிய கலைமான், பனிமனிதன், நட்சத்திரம் எல்லாம் கிறிஸ்துமஸுக்கு வீட்டு முன்னால் புல்வெளியில் ஏறும். காற்றடைத்த பொம்மை வாங்கி நிறுத்துகிறவர்களும் உண்டு. பகலில் மோட்டாரை அணைத்ததும் அவை வண்ணான் மூட்டை மாதிரி புல்லில் கிடக்கும். அது கண்ணை உறுத்தியதால்தான் நான் மரத்துக்கு வந்தேன்.

வந்த முதல் வருடம் வாங்கியது எம்.டி.எஃப். வழவழப்பான பலகை, கணு கிடையாது, ஜிக்சா என்ற கை மின்ரம்பம் முரண்டு பிடிக்காமல் போகும், பெயிண்டும் அழகாக உட்காரும். மூன்றாவது மழையில் மானின் குளம்பு டீயில் விழுந்த பிஸ்கட் மாதிரி உப்பிவிட்டது. மரநாரையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்யும் பலகை அது. ஒருமுறை நீர் குடித்து விரிந்தால், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. வாசலுக்கு வெளியே அதற்கு வேலையே இல்லை.

நிஜமான போட்டி சாதா ப்ளைவுட்டுக்கும், முகத்தில் தாள் ஒட்டிய எம்.டி.ஓ-வுக்கும்தான்.

எந்த மரக்கடையிலும் கிடைக்கும் மலிவு ப்ளைவுட் ரகம் சி.டி.எக்ஸ். சி, டி இரண்டும் இரு முகங்களின் தரம். எக்ஸ் என்றால் வெளிப்புறத்துக்கு ஏற்றது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். அது பசையைக் குறிக்கும் எழுத்து; கட்டடம் எழும்பும்போது சில நாள் மழையைப் பலகை தாங்கும், அவ்வளவுதான். முகத்தில் கணுவும் சொரசொரப்பும் இருக்கும். உள் அடுக்குகளில் ஆங்காங்கே இடைவெளியும் இருக்கும். அந்த இடைவெளி சொல்லிவைத்த மாதிரி கொம்பு வெட்டும் இடத்தில்தான் வந்து வாய்க்கும். மக்கு வைத்து அடைக்காவிட்டால் முதல் உறைபனியிலேயே அங்கே பிளக்கும்.

எம்.டி.ஓ-வும் ப்ளைவுட்தான். ஆனால் பிசினில் ஊறிய தாளை முகத்தில் வைத்துச் சூட்டில் அழுத்தி ஒட்டியிருப்பார்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் விரும்பி வாங்குவது இதைத்தான். உப்புத்தாள் தேய்க்கும் வேலை மிச்சம், மர ரேகை பெயிண்டின் வழியே எட்டிப் பார்க்காது. விலைதான் இடிக்கும்: எங்கள் பக்கம் சி.டி.எக்ஸைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பெரிய சங்கிலிக் கடைகளில் பெரும்பாலும் இருக்காது, மரவாடிக்குத்தான் போக வேண்டும்.

அப்படியானால் எம்.டி.ஓ-வே வாங்கிவிடலாமா? ஆண்டுதோறும் அதே மானை எடுத்து வைப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். முதல்முறை வெட்டுகிறவருக்கு நான் சி.டி.எக்ஸைத்தான் சொல்வேன், மிச்சமாகும் காசு ப்ரைமர் என்ற அடிப்பூச்சுக்குப் போகட்டும். இரண்டு பலகைக்குமே எமன் முகத்தில் இல்லை, விளிம்பில் இருக்கிறான். வெட்டிய விளிம்பில் மரத்தின் குழல்கள் வாய் திறந்து நிற்கும். நீர் அங்கேதான் ஏறும். விளிம்பை நன்றாகத் தேய்த்து, வெளிப்புற ப்ரைமரை இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு முறையும் காயவிட்டுப் பூச வேண்டும். முன்பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்துப் பின்பக்கத்தை வெறுமனே விட்டால், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வில்லாக வளையும். என் இரண்டாம் வருட மான் அப்படித்தான் முதுகு வளைந்து நின்றது.

தடிமனில் எனக்குக் குழப்பமில்லை. நாலுக்கு எட்டு அடிப் பலகை அரை அங்குலத்தில் சுமார் 20 கிலோ, முக்கால் அங்குலத்தில் 30 கிலோ. பனிமனிதனுக்கு அரை போதும். ஒல்லிக் கொம்பும் மெல்லிய காலும் உள்ள மானுக்கு முக்கால்.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மருந்தேற்றிய மரம் அழுகாது, ஆனால் கடையிலிருந்து ஈரமாகவே வரும். மேலே நீர் தெளித்தால் முத்தாக உருள்கிறதா? இன்னும் காயவில்லை, பெயிண்ட் ஒட்டாது. உள்ளே இருக்கும் செம்பு மருந்து சாதாரண இரும்புத் திருகை அரித்துவிடும் என்பதால் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த (ஹாட்-டிப்) திருகு அவசியம். சிடார் மரம் லேசானது, பெயிண்ட் அடிக்காமலே அழகு. பட்டையாக அறுத்து நட்சத்திரம் செய்ய அதற்கு ஈடில்லை. பெரிய உருவத்துக்கு அகலம் போதாது, தூள் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட் ஓசியில் கிடைத்தால் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி என்றிருந்தால் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது, தாராளமாக எடுக்கலாம். எம்.பி என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, தொடாதீர்கள்.

படத்தைப் பெரிதாக்க ப்ரொஜெக்டர் வாங்கச் சொல்வார்கள். கோலம் போட்டவர்களுக்கு எதற்கு அது? தாளில் அரை அங்குலக் கட்டம், பலகையில் அரை அடிக் கட்டம், குறுக்கே எட்டு, நெடுக்கே பதினாறு. கட்டத்துக்குக் கட்டம் பார்த்து கோட்டை இழுத்தால் பன்னிரண்டு மடங்கு மான் தயார். அறுக்க ஸ்க்ரோல் சா என்ற மேஜை ரம்பம் ஆசை காட்டும். நாலடி மானை அந்த ரம்பத்தின் கழுத்து இடைவெளிக்குள் திருப்பவே முடியாது. ஜிக்சாதான், அதிலும் பல் கீழ்நோக்கி இருக்கும் பிளேடு போட்டால் மேல்முகத்தில் சிராய் எழும்பாது.

நிறுத்துவதற்குப் பின்னால் முட்டுக்கால் கொடுப்பது சுலபம், ஆனால் காற்றில் பலகை கப்பற்பாயாகிவிடும். இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, பைப் கிளாம்ப் வைத்துப் பின்பக்கம் இறுக்குவதே எனக்குத் திருப்தி. அடிவிளிம்பு தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கலாக நிற்கட்டும். கம்பியை நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலும் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முன்பே அடித்துவிடுங்கள்; தரை உறைந்த பிறகு சுத்தியலும் தோளும்தான் பேசும்.

குளம்பு உப்பிய எம்.டி.எஃப் மான் குப்பைக்குப் போனது. அதே பலகையில் வெட்டாமல் மிஞ்சிய துண்டு இப்போது எங்கள் நவராத்திரிக் கொலுவில் மூன்றாம் படி. வீட்டுக்குள் இருப்பதால் இன்றுவரை கோணவில்லை.