கையைக் கடிக்காத வீட்டு மாற்றங்கள்: சில வருடம் கழித்து எது நிற்கிறது, எது உதிர்கிறது

ஒட்டிய மறுநாள் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். சுவர் ஸ்டிக்கர் ஆகட்டும், அலங்கார விளக்கு ஆகட்டும், புது பெயின்ட் ஆகட்டும், முதல் வாரத்துப் புகைப்படத்தில் குறை சொல்ல எதுவும் கிடைக்காது. அந்த அறையிலேயே புழங்கி, பெருக்கி, துடைத்து, ஜன்னலைச் சாத்த மறந்து மழைச்சாரலையும் உள்ளே விட்டு, வருடங்கள் ஓடிய பிறகுதான் எது உருப்படி, எது கண்துடைப்பு என்று தெரியும். ஆள் வைக்காமல் நானே செய்த சின்னச் சின்ன வேலைகளில் எவை தாக்குப்பிடித்தன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூ போட்டு முடுக்கியவை அப்படியே நிற்கின்றன. பூசியதும் ஒட்டியதும் எத்தனை நாள் தாங்கும் என்பதை அடியில் இருக்கும் பரப்புதான் தீர்மானிக்கிறது. வாங்கிய பொருளின் தரம் அதற்கு அப்புறம்தான்.

பெயின்டில் இது பச்சையாகத் தெரியும். கூடத்தின் ஒரு சுவரில் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்து, பிரைமர் அடித்த பிறகு இரண்டு கோட் அடித்தோம். இன்றைக்கும் அது நேற்று அடித்தது மாதிரி இருக்கிறது. குளியலறைக்கு முதுகு காட்டி நிற்கும் சுவருக்கும் அதே டப்பா பெயின்ட், அதே ரோலர். அங்கே ஒரு வருடம் தாண்டுவதற்குள் வெள்ளையாக உப்பு பூத்து, பொரிந்து, தரையில் மாவு மாவாக உதிர ஆரம்பித்தது. சுவருக்குள் ஊறும் தண்ணீர் சிமென்ட்டிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்கி பெயின்டைத் தள்ளிவிடுகிறது. அதன் மேல் எத்தனை கோட் அடித்தாலும் வீண்தான். கசிவை அடைத்து, சுவரை நன்றாகக் காயவிட்ட பிறகுதான் பிரஷ்ஷையே எடுக்க வேண்டும்.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறைக் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து படிகிறது. முதலாவதற்குக் குழாயையோ வெளிச்சுவரையோ சரிசெய்ய வேண்டும். இரண்டாவதற்கு ஜன்னலைத் திறந்து வைத்தாலோ, காற்றை வெளியேற்றும் மின்விசிறி போட்டாலோ பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பளபளப்பு விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைவிட நம் வீட்டில் யார் எங்கே கைவைக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. பளபளப்பே இல்லாத மேட் பெயின்ட் சுவரின் மேடு பள்ளத்தை மறைக்கும். ஆனால் கறையைத் துடைத்தால் துடைத்த இடம் மட்டும் பளபளக்கும். சுவிட்ச் பலகையைச் சுற்றியும் சோபா உரசும் இடத்திலும் எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. லேசான பளபளப்புள்ள சாட்டின் வகையைத் தாராளமாகத் துடைக்கலாம். ஆனால் பிறகு ஒரு கீறலை மறைக்கத் தொட்டுப் பூசினால் அந்த ஒட்டு வெளிச்சத்தில் காட்டிக் கொடுத்துவிடும். மேட்டில் அந்தத் தொல்லை குறைவு. என்னைக் கேட்டால் கூரைக்கும் கை எட்டாத சுவர்களுக்கும் மேட், நடமாட்டம் உள்ள இடத்துக்கு சாட்டின். எதுவானாலும் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அது இறுகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முழுதாக இறுகச் சில வாரம் பிடிக்கும், அதுவரை தேய்த்துக் கழுவக் கூடாது. மிஞ்சிய பெயின்டை இறுக்கமாக மூடும் சின்ன ஜாடியில் ஊற்றி, எந்தச் சுவர், என்ன எண் என்று எழுதி வையுங்கள்.

ஓரங்களுக்கு ஒட்டும் டேப்பைக் கடைசி கோட் முழுதாகக் காய்வதற்குள், டேப்பைத் தன் மேலேயே மடித்தாற்போல் சாய்த்து மெதுவாக இழுக்க வேண்டும். காய்ந்துவிட்டால் பெயின்டும் தோலாக உரிந்து கூடவே வரும். அப்படி ஆகிவிட்டால் பிளேடால் டேப்பின் ஓரத்தை லேசாகக் கீறிவிட்டு எடுங்கள். இன்னொன்று, மிகப் பழைய வீடு என்றால் அடியில் இருக்கும் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். அதனால் அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

அடுத்து, பின்தாளை உரித்து ஒட்டும் சுவர்த்தாள். படத்தில் பார்க்க இதைப்போல் வசீகரமான பொருள் வேறு இல்லை. ஒரு மதிய நேரத்தில் அறையின் முகமே மாறிவிடும் என்பதும் உண்மை. பிரச்சினை மெதுவாக வந்தது. முதலில் வெயில் விழும் ஜன்னல் பக்கத்தில் இரண்டு தாள் சேரும் இடங்களில் மயிரிழை அளவு வெள்ளைக் கோடு தெரிந்தது. இந்தத் தாள் வினைல் என்னும் பிளாஸ்டிக், அது காலப்போக்கில் கொஞ்சம் சுருங்கும். அப்புறம் தரையோரம் ஒரு மூலை நாய்க்காது போல மடங்கியது. அழுத்தினால் ஒட்டும், காலையில் மறுபடி எழுந்து நிற்கும். இதற்குள் அந்தப் பசையில் தூசி படிந்துவிட, பிறகு எந்தப் பசைக்கும் அது அடங்கவில்லை. வெளிச்சுவரில் ஒட்டியது இன்னும் சீக்கிரமாகக் கழன்றது.

ஆனால் அதே சுருளில் மிஞ்சியதை அலமாரியின் பின்பலகையிலும் ஒரு மேசையின் மேற்பரப்பிலும் ஒட்டினோம். அவை இன்றுவரை அசையவில்லை. வழவழப்பான லேமினேட் பலகை, உள்ளே ஈரம் கிடையாது, பசைக்கு வேறென்ன வேண்டும். இந்தத் தாளைச் சுவருக்கு வாங்காதீர்கள், சாமான்களுக்கு வாங்குங்கள் என்பேன். சுவரில்தான் வேண்டும் என்றால், புது பெயின்ட் அடித்து ஒரு மாதமாவது போகட்டும். கறை ஒட்டாத பெயின்ட் என்று விற்பதன் மேல் இதுவும் சரியாக ஒட்டாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உரிக்கும்போது தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டி, சுவரோடு சுவராகச் சாய்த்து மெல்ல இழுத்தால் சேதம் குறையும். அப்படியும் பட்டி சரியாகப் பிடிக்காத இடத்தில் பெயின்டோடு பெயர்ந்து வந்தது.

தரையில் ஒட்டும் ஸ்டிக்கர் பற்றி ஒரே வரி: நாற்காலி இழுக்கும் இடத்தில் வேண்டாம்.

செலவுக்கு அதிகபட்சப் பலன் எது என்று கேட்டால் யோசிக்காமல் விளக்கு என்பேன். கூரை நடுவில் ஒரே ஒரு வெள்ளை விளக்கு இருந்த அறையில், கண் மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று சின்ன விளக்குகள் வைத்ததும் அதே பழைய சாமான்கள் புதிதாகத் தெரிந்தன. பெட்டியில் கெல்வின் எண் பார்த்து வாங்க வேண்டும். 2700 முதல் 3000 வரை மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம், 4000 நடுத்தரம், 6500 நீலம் தூக்கலான பகல் வெள்ளை. ஒரே அறையில் 2700-ஐயும் 6500-ஐயும் ஒன்றாக எரியவிட்டால் அறை அழுக்காகத் தெரியும். கூடத்துக்கு 3000, வேலை மேசைக்கு 4000 என்று பிரித்துக்கொண்டது எங்களுக்குச் சரிப்பட்டது. அதோடு சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும். நிறங்கள் உள்ளபடி தெரிகின்றனவா என்பதற்கான அளவு அது, 100 உச்சம். மலிவு விளக்குகள் 80-ஐ ஒட்டி வரும். 90-க்கு மேல் உள்ளதைப் போட்டுப் பாருங்கள், மரச்சாமானும் மனித முகமும் தெரியும் விதமே வேறு.

எல்இடி பட்டை விளக்கில் பசைதான் பலவீனம். விளக்கு சூடாகிப் பசை இளகி, அலமாரிக்கு அடியில் ஒட்டியது ஒருநாள் மாலையாகத் தொங்கியது. அலுமினியத் தடத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, பட்டையை அதற்குள் ஒட்டிய பிறகு தொல்லை இல்லை. அலுமினியம் சூட்டையும் வாங்கிக்கொள்வதால் விளக்குக்கும் ஆயுசு கூடும். அடாப்டரை மட்டும் கணக்குப் பார்த்து வாங்குங்கள். மீட்டருக்கு 9.6 வாட் என்றால் 5 மீட்டருக்கு 48 வாட். அதற்கு 48 வாட் அடாப்டரே போதும் என்று போட்டால் அது எந்நேரமும் முழு பாரத்தில் கொதித்துக்கொண்டிருக்கும், 60 வாட் போடுங்கள். 12 வோல்ட் பட்டையை 5 மீட்டருக்கு மேல் ஒரே முனையிலிருந்து நீட்டினால் கடைசிப் பகுதி மங்கும். நடுவிலோ மறுமுனையிலோ இன்னொரு இணைப்பு கொடுக்க வேண்டும். இதெல்லாம் பிளக்கில் செருகும் வேலை. சுவருக்குள் ஓடும் வயரைத் தொடுவதென்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

யாரும் படம் எடுத்துப் போடாத ஒரு வேலை, இடைவெளியை அடைக்கும் ரப்பர் போன்ற சிலிகானைப் புதுப்பிப்பது. வாஷ்பேசின் சுவரோடு சேரும் இடத்தில் கறுத்துப் போன அந்தக் கோடு போனாலே குளியலறை பாதி சுத்தமானது போல் ஆகிவிடுகிறது. பழையதை மிச்சமில்லாமல் சுரண்டி எடுப்பதில்தான் முக்கால்வாசி வேலை, ஏனென்றால் பழைய சிலிகான் மேல் புதியது பிடிக்காது. சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இடைவெளியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, நடுவில் ஒரே இழுப்பில் பிதுக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒருமுறை வழித்துவிட்டு உடனே டேப்பை எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்பத் தடவினால் பிசிறு தட்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக் கூடாது. வினிகர் வாடை அடிக்கும் வகை பளிங்குக் கல்லையும் சில உலோகங்களையும் அரிக்கும், அங்கே வாடையில்லாத நியூட்ரல் வகை வேண்டும். பூஞ்சைத் தடுப்பு உள்ளதாகப் பார்த்துப் போட்ட இடம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே உள்ள விரிசலுக்கு மட்டும் அக்ரிலிக் வகைதான் சரி, சிலிகான் மேல் பெயின்ட் நிற்காது.

அலமாரிக் கைப்பிடிகள். இதில் ஒரே சூட்சுமம், இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரம். 96, 128, 160 மில்லிமீட்டர் என்று 32-ன் மடங்காகத்தான் பெரும்பாலும் வரும். உங்கள் கதவை அளந்து அதே அளவில் வாங்கினால் புதிதாக ஒரு துளைகூடப் போட வேண்டாம். கைப்பிடி மாற்றும் அன்றே கீல்களையும் பாருங்கள். உள்பக்கம் கிண்ணம் பதித்த கீல் என்றால் அதில் இருக்கும் ஸ்க்ரூக்களை அரைச் சுற்று முடுக்கினாலோ தளர்த்தினாலோ ஒன்றோடொன்று இடிக்கும் கதவுகள் நேராகிவிடும். துளை லொடலொடத்து ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றினால், மரப்பசையில் தோய்த்த பல்குச்சிகளை உள்ளே செருகி, காய்ந்ததும் நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிட்டு மறுபடி முடுக்குங்கள். அப்படிச் செய்த கதவு ஒன்று இன்றுவரை ஆடவில்லை.

திரைச்சீலைக் கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு மேலே நன்றாக ஏற்றி, இரு பக்கமும் சட்டத்தைத் தாண்டி நீட்டி மாட்டினால் ஜன்னல் பெரிதாகத் தெரியும். துணி, கம்பியின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு அகலம் இருந்தால்தான் மடிப்பு விழும். ஜன்னலுக்கு மேலே கான்கிரீட் இருந்தால் சாதாரண ட்ரில் திணறும், சுத்தியல் வகையை ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். சுவிட்ச் பலகைக்கு நேர் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் வயர் ஓடும், அங்கே துளை போடவே வேண்டாம்.

நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் ஃபெல்ட் துண்டுகள் வழுக்கிக் கழன்று, தரையில் ஒட்டி, முடியையும் மண்ணையும் சேர்த்துக்கொண்டன. ஆணியோடு வரும் வகை நிற்கிறது. பசைக் கொக்கிகள் டைல்ஸில் தாங்குகின்றன, பெயின்ட் அடித்த சுவரில் பாரம் ஏறினால் சுவரின் தோலோடு விழுகின்றன.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு என் தேர்வு: பிளக்கில் செருகும் விளக்குகள், ஏற்கெனவே கம்பி இருந்தால் புதுத் திரைச்சீலை, அலமாரிக் கைப்பிடிகள். சிலிகான் வேலைக்கு எந்த வீட்டு உரிமையாளரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கழற்றிய பழைய கைப்பிடிகளை அவற்றின் ஸ்க்ரூக்களோடு ஒரு பையில் போட்டு அந்த அலமாரிக்குள்ளேயே வைத்துவிடுங்கள், காலி செய்யும் அன்று தேடி அலைய வேண்டாம்.