நீலகிரி கோடை விழா: கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் முதலிடம்

நீலகிரி கோடை விழா என்றாலே உதகை மலர்க் கண்காட்சிதான் என்று சமவெளியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் மே மாதம் முழுவதும் நடைபெறும் இவ்விழா வழக்கமாகக் கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சியோடு தொடங்குகிறது. பிறகு கூடலூரில் வாசனைப் பொருட்கள், உதகையில் ரோஜாவும் மலர்களும், குன்னூரில் பழங்கள் என்று ஊர் ஊராக நகர்கிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் வாய்க்கும் குடும்பத்துக்கு நான் கோத்தகிரியையோ குன்னூரையோதான் பரிந்துரைப்பேன். இம்மலையில் என்ன விளைகிறது, அதை யார் விளைவிக்கிறார்கள் என்பதை நின்று கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கேதான் இடமும் அவகாசமும் இருக்கின்றன.

கோத்தகிரி நேரு பூங்கா சிறியது. பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இம்மலையின் பழங்குடியினரான கோத்தர் மக்களின் கோயில் ஒன்று பூங்காவுக்குள்ளேயே இருப்பதால், இது சுற்றுலாவுக்கென்று புதிதாக உருவாக்கிய வளாகம் அன்று, ஊரின் பழைய வாழ்வோடு ஒட்டிய இடம் என்பது உள்ளே நுழைந்ததுமே புலப்படும். நுழைவாயிலருகே காய்கறிகளைக் கோத்துச் செய்த பெரிய உருவங்களை நிறுத்தியிருப்பார்கள். கூட்டம் படமெடுப்பதற்காக அங்கேயே தேங்கிவிடுகிறது. அதைக் கடந்து உள்ளே இருக்கும் அரங்குகளுக்குச் செல்லுங்கள். கேரட், பீட்ரூட், நூக்கல், முட்டைக்கோஸ், பூண்டு, உருளைக்கிழங்கு என மலைக் காய்கறிகள் அனைத்தையும் தழையும் வேருமாக அங்கே காணலாம். மேட்டுப்பாளையம் மண்டி வழியாக நம் ஊர்க் கடைக்கு வருவது இயந்திரத்தில் கழுவி, தழை நறுக்கி, மூட்டையில் கட்டிய கேரட். தழையோடு முழுச் செடியாக அதைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பறையில் கிடைக்காது.

ஓர் அரங்கில் நின்றிருந்த படுகர் சமூகத்துப் பெண்மணி ஒருவர், உருளைக்கிழங்கு முற்றிவிட்டதா என்று அறியும் முறையை என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் இளங்கிழங்கின் தோல் உரிந்து வந்துவிடும். முற்றிய கிழங்கின் தோல் ஒட்டியே நிற்கும். முன்னதை உடனே சமைத்துவிட வேண்டும், பின்னதைத்தான் சேமித்து வைக்க முடியும் என்று இரண்டு கிழங்குகளைத் தேய்த்துக் காட்டியே விளக்கினார். இத்தகைய உரையாடலுக்குத்தான் கண்காட்சி என்று பெயர் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இதற்கு நேர்மாறாக, வேறோர் அரங்கில் அழகாக அடுக்கியிருந்த பீன்ஸின் ரகம் என்ன, எந்த ஊரில் விளைந்தது என்று கேட்டபோது அங்கிருந்தவருக்குப் பதில் தெரியவில்லை. எழுதி வைத்த அட்டையும் இல்லை. பெயரும் ஊரும் இல்லாமல் வைத்த காய் வெறும் அலங்காரமாகிவிடுகிறது. ஒவ்வொரு தட்டின் முன்னும் ரகம், விளைந்த ஊர், விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலம் ஆகிய மூன்றையும் எழுதி வைத்தால் இவ்விழாவின் பயன் பல மடங்கு கூடும்.

கோத்தகிரி வரை வந்தவர்கள் கன்னேரிமுக்கையும் பார்த்துவிட வேண்டும். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களா அங்கே புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகமாக இருக்கிறது. இம்மலையில் ஐரோப்பியக் காய்கறிகள் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால், காலையில் கண்காட்சியையும் பிற்பகலில் இந்த வீட்டையும் பார்ப்பது மிகப் பொருத்தமாக அமையும். 2024-இல் ராம்சர் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்புள்ள லாங்வுட் சோலையும் அருகிலேயே இருக்கிறது. சுற்றியுள்ள கிராமங்களுக்கு நீர் தரும் காடு அது. செல்வதானால் வனத்துறையின் அனுமதியோடு அமைதியாகச் சென்று வாருங்கள்.

குன்னூர் பழக்கண்காட்சி நடைபெறும் சிம்ஸ் பூங்கா 1874-இல் உருவானது. பள்ளத்தாக்கின் சரிவை அப்படியே பயன்படுத்தி அமைத்த பூங்கா என்பதால் படிகள் அதிகம். மூட்டுவலி உள்ள பெரியவர்களை மேல்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பிளம்ஸ், பேரி, பீச் ஆகிய குளிர்ப்பகுதிப் பழங்களோடு, மலைப்பாதையில் கீழே இருக்கும் பர்லியார், கல்லார் பழப்பண்ணைகளின் மங்குஸ்தான், துரியன் போன்ற வெப்பமண்டலப் பழங்களையும் பற்றி ஒரே இடத்தில் அறிந்துகொள்ளலாம். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இத்தனை தட்பவெப்பங்கள் அடங்கிய மாவட்டம் இது என்பதை வரைபடத்தைவிட இந்தப் பழங்கள் தெளிவாக உணர்த்துகின்றன. மங்குஸ்தானைக் கையில் எடுத்தால் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: அங்கே பூப்போல விரிந்திருக்கும் மடல்கள் எத்தனையோ, உள்ளே சுளைகளும் அத்தனையே இருக்கும்.

உதகையைக் குறைத்துச் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். 1896-இல் தொடங்கிய மலர்க் கண்காட்சிக்கும், 1848-இல் உருவான தாவரவியல் பூங்காவுக்கும் உரிய பெருமை என்றும் குறையாது. ஆனால் விடுமுறை நாளின் நெரிசலில் ஒரு மலரின் பெயரை நின்று படிப்பதுகூட அரிது. வார நாளில், வாயில் திறக்கும் நேரத்திலேயே சென்றால் மட்டுமே அது நிறைவளிக்கும். அங்கு செல்பவர்கள் தோடர் பழங்குடியினரின் பூத்தையலை, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் நெய்ததுபோலத் தோன்றும் அந்த வேலைப்பாட்டை, அந்தப் பெண்கள் நடத்தும் கடைகளிலேயே பேரம் பேசாமல் வாங்குங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கைவினை அது. ஒரு சால்வைக்குப் பின்னால் பல வார உழைப்பு இருக்கிறது.

பயணத்துக்கு முன் சில ஏற்பாடுகள் தேவை. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதித்தார்கள். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. சீசன் காலத்தில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்தைப் பெரும்பாலும் நடைமுறைப்படுத்துகிறார்கள் என்பதால், மேட்டுப்பாளையத்திலிருந்து நேரே கோத்தகிரிக்கு ஏற எண்ணுபவர்கள் அன்றைய ஏற்பாட்டை விசாரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நெகிழிப் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலும் துணிப்பையும் கொண்டுவாருங்கள். கண்காட்சி நாட்களில் மாலையில் மழை பிடித்துக்கொள்வது வழக்கம். அரங்குகளைப் பகல் இரண்டு மணிக்குள் பார்த்து முடித்துவிட்டு, காய்கறியும் பழமும் வாங்குவதைப் பூங்காவுக்கு வெளியே கடைவீதியில் வைத்துக்கொண்டால் பையைச் சுமந்தபடி படியேற வேண்டியிருக்காது.