டிடிஎஸ் மீட்டர்: உப்பை மட்டும் கேளுங்கள்

திருவொற்றியூரில், தண்ணீரிலிருந்து உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவர்கள் எல்லார் பையிலும் ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கும். அதே சாமானை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 300 ரூபாய்க்குள் வாங்கினேன். நம் வீட்டுக்கு மெஷின் வேண்டுமா என்று விற்கிறவர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நாமே பார்த்துவிடலாமே என்றுதான்.

தடித்த பேனா அளவு. மூடியைக் கழற்றினால் அடியில் இரண்டு உலோக முனைகள். அவற்றுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அவ்வளவுதான் இதன் வேலை.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் 1,840. குழாயில் வரும் மெட்ரோ வாட்டர் 310. கேன் தண்ணீர் 42. போர் தண்ணீரில் வைத்த கையோடு கேன் தண்ணீரில் வைத்தால் 90-ஐத் தாண்டிக் காட்டும். உடனே கேன்காரருக்கு போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். முனையில் ஒட்டியிருக்கும் பழைய உப்பு அது. அலசி, உதறி, மறுபடி வையுங்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் எண் மாறும், டம்ளரில் லேசாக ஒரு தட்டு தட்டினால் போய்விடும்.

குடிநீருக்கு இந்தியத் தர அளவு 500. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை போகலாம். அப்படியென்றால் எங்கள் குழாய்த் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை. 500-க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் சொல்லியிருந்தது. இன்னொன்று, கடல்நீர் ஆலை ஓடும் காலத்தில் வடசென்னைக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு காட்டுப்பள்ளியில் ஏற்கெனவே ஆர்.ஓ. ஆனதுதான். 2010-ல் அங்கே தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர் ஆலை, தினமும் 10 கோடி லிட்டர் தரக்கூடியது. கடல்நீரை இப்படி 1,000 லிட்டர் நன்னீராக்க 3 முதல் 4 யூனிட் கரண்ட் ஆகும். எடுக்கிற கடல்நீரில் பாதிக்கு மேல் உப்பு ஏறிய கழிவாகக் கடலுக்கே திரும்புகிறது. இத்தனை செலவில் வந்த தண்ணீரை அடுப்படியில் மறுபடி வடிகட்டி, ஒரு குடத்துக்கு இரண்டு மூன்று குடம் சாக்கடைக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

விற்க வந்த ஒருவர் விடவில்லை. நான்கு கம்பி வைத்த பெட்டியொன்றை எடுத்து, குழாய்த் தண்ணீரில் இரண்டு, தன் மெஷின் தண்ணீரில் இரண்டு என்று முக்கி, பிளக்கைச் சொருகினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் டம்ளர் சாணி கரைத்த நிறம், அவருடையது பளிச்சென்று அப்படியே. "பாருங்கம்மா, இதைத்தான் குடிக்கிறீங்க." அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியின் இரும்பு கரைந்து வந்த துரு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் கரண்ட் பாயவில்லை, இரும்பும் கரையவில்லை. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டேன். அதுவும் கலங்கத் தொடங்கியதும் பெட்டியை மூடிவிட்டார்.

சரி, குறை என்ன? எண் சின்னதாக இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று நம்பிவிடுவோம், அதுதான் ஆபத்து. கிருமி இதற்குத் தெரியாது. குழாயில் சாக்கடை கலந்தாலும் பெரிதாக எண் ஏறாமல் போகலாம். நாங்கள் இன்னும் காய்ச்சித்தான் குடிக்கிறோம். எண்ணூர் காட்டுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆத்துத் தண்ணியில எண்ணெய் இருந்தா காட்டுமா?" என்று கேட்டார். 2023 டிசம்பர் மழை வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்து, வலையும் படகும் கறுத்துப் போனதை அவ்வளவு சீக்கிரம் யார் மறப்பார்கள்? காட்டாது அக்கா என்றேன். எண்ணெயில் மின்சாரம் பாயாது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஆற்றில் வந்து படிந்தாலும், அதிலிருந்து எந்த உலோகம் கரைந்தது என்று இந்த எண் பிரித்துச் சொல்லாது. கழிமுகத் தண்ணீர் இதன் எல்லைக்கும் மேலே. மீட்டர் 9,990-ல் நின்றுவிடும், கடல்நீரோ 35,000 பக்கம்.

இதை நன்றாகப் பயன்படுத்துகிறவர் மீஞ்சூர் பக்கம் நெல் போடும் என் அக்கா வீட்டுக்காரர்தான். அங்கே நகரத்துக்கும் ஆலைகளுக்கும் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை இறைத்ததில் கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. நெல்லோ உப்பைத் தாங்காத பயிர். மோட்டார் போட்டதும் ஒரு தடவை, ஓடி முடிக்கும் நேரத்தில் ஒரு தடவை பார்ப்பார். எண் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிடுவார். என்னிடம் இரவல் கேட்டு அலுத்துப்போய் இப்போது தனியாக ஒன்று வாங்கிவிட்டார். நீங்கள் வாங்கினால், எண்ணை அப்படியே நிறுத்தி வைக்கும் ஹோல்டு பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் வாய்க்கால் ஓரம் குனிந்தபடியே எண்ணைப் படிக்க வேண்டியிருக்கும்.