சுங்கை சிப்புட்டிலிருந்து தண்ணீர்மலைக்கு

ஆறு வருடம் கழித்து ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து மலேசியாவுக்கு, ஊருக்கு வந்திருந்தோம், நானும் வீட்டுக்காரரும். சுங்கை சிப்புட்டில் தோழி வீட்டில்தான் தங்கல். 1954-இல் துன் சம்பந்தன் தொடங்கிய மகாத்மா காந்தி கலாசாலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். வாசலில் கால் வைத்ததுமே அவள் அம்மா, "பசியாறிட்டீங்களா?" என்றார். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர், எண்பதை நெருங்குகிறார். "தண்ணிமல முருகன ஒரு தடவ பாத்துடணும்மா" என்று அவர் கேட்டதால்தான் பினாங்குக்கே புறப்பட்டோம்.

முன்பெல்லாம் பஸ் மாறி மாறி அரை நாள் போய்விடும். இப்போது சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் பட்டர்வொர்த். இருக்கை வசதி, கழிப்பறை சுத்தம். புக்கிட் மேரா ஏரியின் நடுவே வண்டி போனபோது அம்மா கண்ணாடியை விட்டு முகத்தை எடுக்கவேயில்லை. வாரக் கடைசி என்றால் டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் பினாங்குத் தீவுக்கு ஃபெரி, ஆளுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த பத்து வெள்ளித் தாளை நீட்டினார். அங்கே ரொக்கம் கிடையாது, டச் அண்ட் கோ (பணம் ஏற்றிவைக்கும் அட்டை) போன்றவைதான். எங்கள் அட்டையைத் தட்டினோம். தாள் மறுபடியும் முடிச்சுக்குள் போனது. வயதானவர்களைத் தனியே அனுப்பினால் கையில் அட்டையும் கொடுத்தனுப்புங்கள்.

ஜார்ஜ்டவுனில் எடுத்த விடுதிதான் மனதை நோகடித்தது. பெரியவர் வருகிறார், கீழ்த்தளத்தில் அறை வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதியிருந்தோம். போய் நின்றால் மூன்றாம் மாடி, மின்தூக்கியும் இல்லை. போதாததற்குச் சுற்றுலா வரி என்று அறைக்கு, இரவுக்கு 10 வெள்ளி கேட்டார்கள். அது வெளிநாட்டவருக்கு உள்ள வரி. வீட்டுக்காரர் தம் ஐசியை, அதாவது மலேசிய அடையாள அட்டையை, எடுத்து மேசை மேல் வைத்தார். "ஆஸ்திரேலியக் கார்டுலதானே கட்டியிருக்கீங்க?" என்றார் கவுன்டரில் இருந்த பையன். ஆள் எந்த நாட்டவர் என்பதுதான் கணக்கு, கார்டு இல்லை என்று பொறுமையாகச் சொன்ன பிறகுதான் விட்டார். ஊருக்கு வரும் நம்மவர்கள் ஐசியைக் கையோடு வைத்திருங்கள். அறையையும் மாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் அங்கே துப்புரவு வேலை செய்யும் தமிழ் அக்கா ஒருவர் மேலாளரிடம் போய்ப் பேசியதால். அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு கீழறை வரைக்கும் வந்தவரும் அவரேதான்.

மறுநாள் விடியற்காலையில் மலையடிவாரம். உச்சியில் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அறுபது படி தாண்டியதும் உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் தோட்டத்து லாரியில் தைப்பூசத்துக்கு வந்ததையும், 1894-இல் நகரத்தார் கொண்டுவந்த வெள்ளி ரதத்தைக் கூட்டத்தில் அப்பா தோளில் ஏறிப் பார்த்ததையும் சொன்னார். மூச்சு வாங்கியது, பேச்சை மட்டும் விடவில்லை.

சரி, இங்கேயே கும்பிட்டுக்கொள்ளலாம் என்றோம். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தப் பத்து வெள்ளியை என் கையில் வைத்து அழுத்தினார். தோழி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, நாங்கள் இருவரும் மேலே ஏறி அதை உண்டியலில் போட்டுவிட்டு, விபூதியை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினோம்.