வீட்டிலேயே ஓர் அம்புப் பட்டறை: வாங்கியதும் நானே செய்ததும்

மகள் வில்வித்தை பழகத் தொடங்கிய மூன்றாவது மாதத்திலேயே எனக்கு ஒன்று புரிந்தது. வில்லுக்கு ஒரு முறை செலவழித்தால் போதும், அம்புக்குத்தான் ஓயாமல் செலவழிக்க வேண்டும். 18 மீட்டரில் அவள் அம்புகள் ஒன்றையொன்று ஒட்டி விழ ஆரம்பித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் ஒட்டி விழும் அம்பு பக்கத்து அம்பின் இறகைக் கிழித்துவிடும். வாரத்துக்கு நான்கைந்து அம்புகள் இப்படிப் போயின. இறகு ஒட்டித் தருபவரிடம் கொடுத்தால் திரும்பி வரப் பத்து நாளாகும், வந்த அம்பிலும் மூன்று இறகும் ஒரே கோணத்தில் இருக்காது. கடைசியில் படிக்கட்டுக்கு அடியில் நான்கடி மேஜை ஒன்றைப் போட்டேன். அதற்கு ஒன்றரை வருடமாகிவிட்டது. அந்த மேஜை மேல் இருக்கும் சாமான்களில் எது கொடுத்த காசுக்கு உழைத்தது, எது உழைக்கவில்லை என்று எழுதி வைக்கிறேன். எங்களிடம் இருப்பது 66 அங்குல ரிகர்வ் வில் (நுனிகள் வெளிப்பக்கமாக வளைந்தது), மெல்லிய கார்பன் அம்புகள். காம்பவுண்ட் வில் (நுனிகளில் கப்பி வைத்தது) வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

முதலில் வாங்கியது மலிவான பிளாஸ்டிக் ஃப்ளெட்சிங் ஜிக், அதாவது இறகைச் சரியான இடத்தில் பிடித்து ஒட்ட உதவும் கருவி. மூன்று கைகள் அம்பைச் சுற்றி மடங்கிக்கொள்ளும், மூன்று இறகும் ஒரே நேரத்தில் ஒட்டிவிடும். வேகத்தைக் குறை சொல்ல முடியாது, ஒரு டஜன் அம்பை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் எங்களுக்கு வந்ததில் ஒரு கை வார்ப்பிலேயே சற்று விலகியிருந்தது. ஒட்டிய அம்பை நாக் (அம்பின் பின்நுனியில் நாணைக் கவ்வும் துண்டு) பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு இறகு சரியாக நிற்கும், மூன்றாவது மட்டும் சாய்ந்திருக்கும். கோணத்தை மாற்ற வழியில்லை. பசை கொஞ்சம் கூடினால் இறகோடு சேர்ந்து ஜிக்கின் கையும் ஒட்டிக்கொள்ளும். நான்கு மாதம் வைத்திருந்துவிட்டு எடுத்து ஓரமாக வைத்தேன்.

அடுத்து வாங்கிய ஒற்றை கிளாம்ப் உலோக ஜிக்தான் இந்த மேஜையிலேயே அதிக விலை கொண்டது. அதற்குக் கொடுத்த காசை நினைத்து ஒரு நாளும் நான் வருந்தியதில்லை. அம்பை நாக் கீழாக நிறுத்த வேண்டும். இறகைக் கிளாம்பில் கவ்வ வைத்து, அடியில் பசை தடவிக் கொண்டுபோனால் காந்தம் இழுத்து இடத்தில் உட்கார வைக்கும். ஒட்டியதும் திருகைத் திருப்பினால் 120 பாகையில் 'டக்' என்று நிற்கும், அடுத்த இறகுக்குத் தயார். மேலும் கீழுமாக உள்ள இரண்டு திருகுகளால் கிளாம்பின் சாய்வை மாற்றலாம். ஒரு முறை சரியாக வைத்து இறுக்கிவிட்டால், ஆறு மாதம் கழித்து ஒட்டும் இறகும் அதே கோணத்தில் வந்து நிற்கிறது. கிழிந்த ஒரே ஓர் இறகை மாற்றும்போதுதான் இதன் அருமை தெரியும். பழைய இரண்டோடு புதியது அப்படியே பொருந்திவிடும்.

குறைகளும் உண்டு. ஒரு டஜன் அம்புக்கு முப்பத்தாறு முறை ஒட்ட வேண்டும். பறவை இறகுக்கான மெதுவான பசையில் ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் விட்டால் ஆறு மணி நேரம் போய்விடும். நாங்கள் பிளாஸ்டிக் இறகுதான் போடுகிறோம். கெட்டியான சூப்பர் க்ளூவில் இறகுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருக்கிறது. இன்னொன்று, மெல்லிய தண்டுகளுக்கான சின்ன நாக் இதன் அடிக் குழியில் சற்று ஆடுகிறது. ஆடினால் 120 பாகை என்பது வெறும் பேச்சுதான். குழியில் இரண்டு சுற்று டேப் ஒட்டிச் சமாளித்தேன். இறகைத் திருகலாக வளைத்து ஒட்டும் ஹெலிகல் கிளாம்பும் சேர்த்து வாங்கினேன், அதை வாங்கியிருக்க வேண்டாம். மெல்லிய தண்டில் அந்த வளைவு முழுதாகப் படிவதில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இறகின் இரு முனையிலும் கீற்றாக ஒளி தெரிகிறது. நேர் கிளாம்பையே லேசாகச் சாய்த்து வைத்ததில் அந்தத் தொல்லை இல்லை.

பசை எதுவானாலும் தண்டைத் துடைப்பதுதான் பாதி வேலை. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்த பிறகு அந்த இடத்தில் விரல் படக் கூடாது. முதல் டஜனில் எனக்கு உதிர்ந்த ஏழு இறகும் விரல் எண்ணெயால் உதிர்ந்தவைதான்.

அம்பு வெட்டுவதற்கென்றே ரம்பம் விற்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு டஜன் வெட்டும் வீட்டுக்கு அது தேவையில்லை. ஏற்கெனவே இருந்த கையடக்க ரோட்டரி கருவியைப் பலகையில் பொருத்தி, தேய்த்து வெட்டும் மெல்லிய வட்டை மாட்டினேன். எதிர்ப்பக்கம் அம்பின் நாக் முட்டி நிற்க ஒரு கட்டை. தண்டை மெதுவாக உருட்டிக்கொண்டே வட்டில் கொடுக்க வேண்டும், அழுத்தவே கூடாது. பிறகு உப்புத்தாள் ஒட்டிய கட்டையில் நுனியைச் செங்குத்தாகத் தேய்த்தால் முனை சாயாமல் உட்காரும். குழாய் வெட்டும் கட்டரைக் கார்பன் தண்டில் வைக்காதீர்கள், இழைகளை நசுக்கிப் பிளந்துவிடும். இரும்பு ரம்பமும் வேண்டாம், சிம்பு சிம்பாகக் கிளம்பும்.

இந்த ஒரு வேலையை மட்டும் வீட்டுக்குள் செய்வதில்லை. கார்பன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், தோலில் பட்டால் அரிப்பு. மின்சாரத்தைக் கடத்தும் தூசி என்பதால் பக்கத்திலுள்ள கருவிகளுக்குள் புகுந்தாலும் ஆபத்து. மொட்டை மாடியில், என்95 முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வட்டுக்கு அருகில் வேக்கம் கிளீனரின் குழாயை வைத்து வெட்டுகிறேன். வெட்டி முடித்ததும் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைப்பேன். முகக்கவசத்தில் மட்டும் யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

முனை பொருத்த ஹாட் மெல்ட் பசைக் குச்சி போதும். முனையைக் குறட்டால் பிடித்துச் சூடாக்கி, பசையைத் தடவிச் செருக வேண்டும். சுடரைத் தண்டுக்குக் காட்டவே கூடாது, கார்பன் இழைகளைப் பிணைத்திருக்கும் பிசின் வலுவிழந்துவிடும். கழற்ற வேண்டுமென்றால் கொதிநீரில் கொஞ்ச நேரம் பிடித்தால் இளகிவிடுகிறது.

நான் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பைன் பார்க்கும் பலகை. அம்புத் தண்டு எவ்வளவு வளையும் என்பதுதான் ஸ்பைன். 28 அங்குல இடைவெளியில் இரு முனையையும் தாங்கி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். அரை அங்குலம் தாழ்ந்தால் 500, முழு அங்குலம் தாழ்ந்தால் 1000. எண் ஏற ஏறத் தண்டு இளக்கம். கடையில் விற்கும் கருவியும் இதையேதான் செய்கிறது. நான் ஒரு பலகையில் இரண்டு சிறு பேரிங்குகளைச் சரியாக 711 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தினேன். எடைக்கு மணல் நிரப்பிய பாட்டில், கொக்கியோடு சேர்த்து நிறுத்தால் 880 கிராம். தாழ்வை அளக்க, மேலே குறுக்குச் சட்டத்தில் வெர்னியரை வைத்து அதன் ஆழக் கம்பியைத் தண்டின் மேல் தொட வைக்கிறேன். எடை போடும் முன் ஓர் அளவு, போட்ட பின் ஓர் அளவு, கழித்தால் விடை. டயல் கேஜ் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 10 மில்லிமீட்டர் மட்டும் ஓடும் கேஜ் இளக்கமான தண்டுக்குப் பற்றாது. எங்கள் 900 ஸ்பைன் தண்டே கிட்டத்தட்ட 23 மில்லிமீட்டர் தாழ்கிறது. வெட்டாத தண்டைத்தான் இதில் சோதிக்க முடியும். மகளின் வெட்டிய அம்பு 26 அங்குலம்தான், தாங்கிகளுக்கே எட்டாது. அதனால் தண்டு வந்த அன்றே அளந்து, ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதிவிடுகிறேன்.

கூடவே 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு. அம்பு உலகம் கிரெய்ன் கணக்கில் பேசும். ஒரு கிராம் என்பது 15.43 கிரெய்ன். 100 கிரெய்ன் என்று அச்சிட்ட முனை 6.48 கிராம் இருக்க வேண்டும். நிறுத்துப் பார்த்து, கனமான முனையை லேசான தண்டுக்குக் கொடுத்தால் டஜனும் ஏறக்குறைய சம எடைக்கு வந்துவிடுகிறது. இந்தச் சின்னத் தராசு இருந்தால் தனியாக அம்புத் தராசு வாங்கத் தேவையில்லை.

நாண் கட்டுவதற்கு இரண்டு மீட்டர் பலகையும் நான்கு போல்ட்டும் போதும். 66 அங்குல வில்லுக்கு நாண் சுமார் 63 அங்குலம். தொடக்க நிலை வில் என்பதால் டேக்ரான் நூல்தான் சுற்றுகிறேன். இதில் காசு கொடுத்து வாங்க வேண்டியது சர்விங் கருவி. நாண் தேயாமலிருக்க அதன் மேல் இறுக்கமாகச் சுற்றும் நூல்தான் சர்விங். நானே மரத்தில் ஒன்று செய்து பார்த்தேன், இழுவிசை சீராக வரவில்லை, நடு சர்விங் இரண்டு வாரத்தில் தளர்ந்துவிட்டது. ஸ்பிரிங் வைத்த உலோகக் கருவி வந்த பிறகு அந்தப் பிரச்சினையே இல்லை. சர்விங் தடிமன் சரிதானா என்று பார்க்க, அம்பை நாணில் மாட்டித் தொங்கவிட்டு நாணை விரலால் தட்டுவேன். லேசான தட்டுக்கு அம்பு கழன்று விழ வேண்டும். விழாவிட்டால் இறுக்கம், தட்டாமலே விழுந்தால் தளர்வு.

டி வடிவ ஸ்கேல், வில் பூட்டும் கயிறு, நாண் மெழுகு மூன்றையும் யோசிக்காமல் வாங்கிவிடலாம், மூன்றும் மலிவு. பூட்டும் கயிறு இல்லாமல் காலுக்கிடையில் வளைத்துப் பூட்டினால் லிம்ப் (வில்லின் வளையும் கை) முறுக்கிக்கொள்ளும்.

வாங்காததும் செய்யாததும் பௌ பிரஸ், அதாவது நாணைக் கழற்ற வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவி. பக்கத்து வீட்டு அண்ணன் தன் காம்பவுண்ட் வில்லைக் கொண்டுவந்து, "நாலு கட்டை வைத்து அழுத்தி நாணை மாற்றிவிடலாமே" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். இழுக்காமல் வைத்திருக்கும்போதும் காம்பவுண்ட் வில்லின் லிம்புகள் பெரும் அழுத்தத்தில்தான் இருக்கும். பிடி நழுவினால் வில்லும் போகும், முகமும் போகும். அதற்கான சரியான பிரஸ் வைத்திருப்பவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

எண் எழுதும் பழக்கத்தால் போன மாதம் ஒரு நன்மை நடந்தது. நான்காம் எண் அம்பு தொடர்ந்து மூன்று சுற்றும் மற்ற அம்புகளை விட்டு விலகி இடப்பக்கம் விழுந்ததாக மகள் தன் நோட்டில் குறித்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் எடையைப் பார்த்தோம், சரியாக இருந்தது. இறகும் சரி. பிறகு பஞ்சைத் தண்டு மேல் நெடுக ஓட்டினாள். முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பஞ்சு சிக்கியது. மெல்ல வளைத்தபோது நெறுநெறுவென்று ஒலி. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல். எய்யும்போது அது முறிந்திருந்தால் சிம்பு அவள் வில் பிடிக்கும் கையில்தான் ஏறியிருக்கும். முனையையும் நாக்கையும் கழற்றி வைத்துக்கொண்டோம். வேறு யாரும் தெரியாமல் எடுத்து எய்துவிடக் கூடாதென்று தண்டைத் துணியில் சுற்றி இரண்டாக ஒடித்துப் போட்டாள்.